புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்தை எப்படி நம்புவது? வேலை, ஆசீர்வாதம், சர்க்கரை மாத்திரை

கேள்வி: கிருபா_வீட்டுஜெபம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் பகுதியில் வியாழக்கிழமை சாயங்காலம் நடக்கும் வீட்டு ஜெபத்தில், அடுத்த மாதம் நான்கு வாரத்துக்கு "தேவனுடைய வாக்குத்தத்தங்களை நம்புவது" என்று வேதபாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாமார். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை எல்லார் வீட்டிலும் சுவரிலோ பீரோ கதவிலோ ஒட்டியிருக்கும். பலருக்கு வருஷம் முழுக்க அந்த ஒரு வசனம்தான் பிடிப்பு. அந்தப் பிடிப்பைப் பிடுங்கிவிடக் கூடாது, அதே சமயம் சரியாகச் சொல்லித்தரவும் வேண்டும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை:

எரேமியா 29:11 ("தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே") அட்டையில் வந்தால், மகனுக்கு இந்த வருஷம் வேலை கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? நவம்பர் ஆகியும் கிடைக்காவிட்டால் எங்கே தப்பு?

"கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" (உபாகமம் 28:13) என்பது இன்றைய விசுவாசிக்குச் சொல்லப்பட்டதா?

"அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று அறிக்கையிட்ட பிறகு சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் அது அவிசுவாசமா? ஒருவர் ஏற்கெனவே நிறுத்திவிட்டார்.

வசன ஆதாரத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஆஸ்பத்திரி_ஊழியம்

சிஸ்டர், மூன்றாவது கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

மாத்திரையை நிறுத்தினவரை இன்றைக்கே போய்ப் பாருங்கள். சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், எப்போது நிறுத்தினார் என்பதை அவருடைய டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். விட்டதைச் சேர்த்து இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்ளக் கூடாது, அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது, அரைமயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருக்காமல், ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவர் போட்டுக்கொண்டிருந்தது மாத்திரை இல்லாமல் இன்சுலின் ஊசி என்றால் இன்னும் ஆபத்து. முதல் வகைச் சர்க்கரை நோயில் ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு வந்துவிடும்.

இதில் ஜனங்கள் எப்படி ஏமாந்துபோகிறார்கள் என்பதையும் பாடத்தில் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தின முதல் சில வாரம் பலருக்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரை மெதுவாக ஏறும், உடம்பு வலிக்காது. "நிறுத்தினேன், நன்றாக இருக்கிறேன்" என்று சாட்சி சொல்லிவிடுவார்கள். சபை நடுவில் சாட்சி சொன்ன பிறகு மறுபடி மாத்திரை எடுக்க வெட்கமாகிவிடும். கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் சேதம் அந்த வெட்கத்துக்குள்தான் நடக்கிறது. ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறதே, அது ஒரு நாள் பட்டினி கிடந்து பார்த்த அளவைவிட உண்மையைச் சொல்லும். காசநோய் மருந்திலும் இதே கதைதான். ஆறு மாத மருந்தில் சில வாரத்திலேயே இருமல் குறையும். அப்போது நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்ப வரலாம்.

இனி வசனம். 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தை எடுங்கள். எசேக்கியா சாகும் நிலையில் இருக்கிறான். ஏசாயா வழியாகக் கர்த்தர் தரும் வாக்குத்தத்தத்தில் எந்த மழுப்பலும் இல்லை: உன்னைக் குணமாக்குவேன், மூன்றாம் நாளில் ஆலயத்துக்குப் போவாய், உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டுவேன். அடுத்த வசனத்திலேயே, அதே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறான். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போடுகிறார்கள், அவன் பிழைக்கிறான். வாக்குத்தத்தத்தைச் சொன்ன வாய்தான் மருந்தையும் சொன்னது. எசேக்கியா அந்தப் பற்றைத் தள்ளியிருந்தால் அதை யாரும் விசுவாசம் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

சுகமாகிவிட்டோம் என்று உண்மையிலேயே நம்புகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் இயேசுவே வழி காட்டியிருக்கிறார். மாற்கு 1:44இல் குஷ்டரோகியைச் சுத்தமாக்கிவிட்டு, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்று அனுப்புகிறார். லேவியராகமம் 14இன்படி ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து பார்த்துத்தான் "சுத்தம்" என்று சொல்வான். ஆக, பரிசோதனைக்குப் போவது அவிசுவாசம் ஆகாது. தேவன் குணமாக்கியிருந்தால் அது ரிப்போர்ட்டில் தெரியும், மாத்திரையைக் குறைப்பதை டாக்டரே செய்வார்.

"தழும்புகளால் குணமாகிறோம்" என்கிற ஏசாயா 53:5ஐ 1 பேதுரு 2:24 பாவத்திலிருந்து பெறும் விடுதலைக்கே பயன்படுத்துகிறது. அதற்கு முந்தின வசனத்தை (53:4) மத்தேயு 8:17 சரீர சுகத்தோடு இணைக்கிறது. எனவே சுகத்துக்காக ஜெபிப்பதற்கு அந்த அதிகாரத்தில் இடம் உண்டு. "இன்றைக்கே, எல்லாருக்கும், மருந்தில்லாமல்" என்று அங்கே எழுதியிருக்கவில்லை. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னான் (1 தீமோத்தேயு 5:23), துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்தான் (2 தீமோத்தேயு 4:20). அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று பவுல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பதில் 2: வேதபாட_ஆசிரியன்

மேலே சகோதரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

எரேமியா 29:11ஐ அட்டையில் படிக்கிற எல்லாரும் ஒருமுறை 29:1இலிருந்து படிக்க வேண்டும். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து, எகொனியா ராஜாவோடு கி.மு. 597இல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு அனுப்பப்பட்டது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற கள்ளத்தீர்க்கதரிசி பாபிலோனுக்கு அடங்குவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை உடைத்து, "இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள்" என்றான். ஜனங்களுக்குப் பிடித்த வாக்குத்தத்தம் அதுதான். எரேமியாவின் கடிதமோ 70 வருஷம் என்கிறது (29:10). அந்தக் கடிதத்தை 40 வயதில் படித்தவர் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பே இல்லை. பேரப்பிள்ளைகள் திரும்பினார்கள். செமாயா என்ற ஒருவன் இதைப் பொறுக்காமல், இப்படி நெடுங்காலம் என்று எழுதுகிறவனை ஏன் தொழுமரத்தில் மாட்டவில்லை என்று எருசலேமுக்குப் புகார்க் கடிதமே எழுதினான் (29:24-28).

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது இந்த இடத்தில் வரும் வாக்கியம். காத்திருப்பு நீளம் என்று தெரிந்த பிறகு சொல்லப்பட்ட ஆறுதல் இது. அதனால்தான் 5ஆம் வசனத்திலிருந்து வரும் கட்டளைகள் அவ்வளவு சாதாரணமாக இருக்கின்றன: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். அந்த வாக்குத்தத்தத்தை நம்பினவன் கையில் மண்வெட்டி இருந்தது. நம்பாதவன், இரண்டு வருஷத்தில் போய்விடப்போகிறோமே என்று மூட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

மகனின் வேலை விஷயத்துக்கு இதிலிருந்து என்ன எடுக்கலாம்? தேவனுடைய ஜனத்தைக் குறித்த அவருடைய நினைவு தீமைக்கானதாக இருக்காது என்பதை எடுக்கலாம். அது கிறிஸ்துவுக்குள் இருக்கிற ஒவ்வொருவருக்கும் உரியது, ரோமர் 8:28-32 அதைத் தெளிவாகவே சொல்கிறது. வேலை என்பதையும் டிசம்பர் என்பதையும் எடுக்க முடியாது, ஏனென்றால் அவை வசனத்தில் இல்லை. நாம் சேர்த்த தேதி தவறும்போது தேவன் தவறிவிட்டார் என்று தோன்றுகிறது. நவம்பரில் வரும் சோர்வுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எனவே அம்மாமாரிடம், "அட்டையில் அச்சாகியிருப்பது எது, நீங்கள் மனதில் எழுதிச் சேர்த்தது எது" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். சேர்த்ததை விண்ணப்பமாகக் கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம், அழுதும் கேட்கலாம். அதை வாக்குத்தத்தம் என்று பெயரிடக் கூடாது, அவ்வளவுதான்.

உபாகமம் 28 இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய அதிகாரம். மொத்தம் 68 வசனம். முதல் 14 ஆசீர்வாதம், மீதி 54 சாபம். 13ஆம் வசனமே, இன்று நான் விதிக்கிற கற்பனைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்கிற நிபந்தனையோடுதான் வருகிறது, அட்டையில் அந்தப் பாதி அச்சாவதில்லை. 44ஆம் வசனத்தில் தலையும் வாலும் இடம் மாறிவிடுகின்றன: அந்நியன் தலையாவான், நீ வாலாவாய். முன்பாதியை மட்டும் கத்தரித்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

பவுல் இந்த அதிகாரம் வரும் உடன்படிக்கையை எப்படிக் கையாள்கிறான் என்று கலாத்தியர் 3:10-14இல் பாருங்கள். நியாயப்பிரமாணத்தின் சாபத்துக்குள் நாம் எல்லாரும் இருந்தோம், கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டார், அதனால் ஆபிரகாமின் ஆசீர்வாதம் புறஜாதிகளுக்கு வந்தது, ஆவியைக் குறித்த வாக்குத்தத்தத்தை விசுவாசத்தினாலே பெறுகிறோம். பவுலின் கணக்கில் அங்கே வந்து சேர்வது பரிசுத்த ஆவி. அலுவலகத்தில் மேனேஜர் பதவியை அவன் அந்த வரிசையில் வைக்கவில்லை.

பழைய ஏற்பாட்டு வாக்குத்தத்தம் ஒன்றும் நமக்கு இல்லை என்று இதற்கு அர்த்தமா? இல்லை. எபிரெயர் 13:5ஐ எடுங்கள். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது யோசுவாவுக்குக் கானானுக்குள் நுழையும்போது சொல்லப்பட்டது (யோசுவா 1:5). எபிரெயர் நிருபம் அதை எடுத்து, பண ஆசையோடு போராடுகிற சாதாரண விசுவாசிகளுக்குக் கொடுக்கிறது. யோசுவாவுக்கு வந்த தேசமும் யுத்த வெற்றியும் அவர்களுக்கு மாற்றப்படவில்லை. தேவன் கூட இருப்பது மாற்றப்பட்டது. தேவன் எப்படிப்பட்டவர் என்பது அப்படியே வரும், அந்த மனுஷனுக்கு மட்டுமான வேலையும் இடமும் காலமும் வராது. நடுவில் கிறிஸ்து நிற்கிறார்: "தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும் இருக்கிறதே" (2 கொரிந்தியர் 1:20).

ஒரு வாரத்தை முழுவதுமாக, எந்தத் தயக்கமும் இல்லாமல் பற்றிக்கொள்ளக்கூடிய வாக்குத்தத்தங்களுக்கு ஒதுக்குங்கள். பாவ அறிக்கைக்கு மன்னிப்பு (1 யோவான் 1:9), ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்டால் கொடுக்கப்படும் (யாக்கோபு 1:5), சோதனையோடு தப்பிக்கொள்ளும் வழி (1 கொரிந்தியர் 10:13), உலகத்தின் முடிவுபரியந்தம் கூட இருப்பது (மத்தேயு 28:20). "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" (யோவான் 16:33) என்பதும் அதே வாய் சொன்னதுதான். அதை அட்டையில் அச்சடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பதில் 3: பழைய_புத்தகம்

ஒரு சின்னச் சேர்க்கை. வசனத்தை எடுத்துத் தியானிக்கும் பழக்கத்தைச் சிலர் அடியோடு தப்பு என்பார்கள், அது நியாயமில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் மொரேவியர்கள் என்கிற சபையார் 1731ஆம் வருஷத்துக்கென்று முதல் தினவசனப் புத்தகத்தை அச்சிட்டார்கள், இன்றுவரை வருகிறது. அதில் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுப்போட்டு எடுக்கப்படும், அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நம் தரங்கம்பாடிக்கு 1706இல் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கினாரே, அந்த மிஷனைத் தாங்கின, ஜெர்மனியின் ஹாலே ஊரைச் சேர்ந்த பக்தி இயக்கத்திலேயே போகாட்ஸ்கி என்பவர் 1718இல் இப்படிப்பட்ட வசனப் பெட்டகம் ஒன்றை வெளியிட்டார்.

அங்கே ஒரு நாளின் வசனம் ஊர் முழுவதற்கும் ஒன்றே. எல்லாரும் அதையே தியானிப்பார்கள். அதை யாரும் தன் வருஷ பலன் என்று படிக்கவில்லை. கிளி ஜோசியக்காரர் முன்னால் உட்கார்ந்து சீட்டுக்குக் காத்திருக்கிற மனதோடு பலிபீடத்து முன்னால் நின்றால், கையில் வருவது வேதவசனமாக இருந்தாலும் அது குறி கேட்பதுதான். கிருபா சிஸ்டர், உங்கள் குழுவில் அடுத்த வருஷம் எல்லாருக்கும் ஒரே அதிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

பதில் 4: அக்கினி_ஜுவாலை

பிரைஸ் த லார்ட். எல்லாம் சரிதான், ஆனால் ஒரு கவலை. இப்படி ஒவ்வொரு வசனத்தையும் "இது உனக்கில்லை, இது இஸ்ரவேலுக்கு" என்று தள்ளிக்கொண்டே போனால், பாவம் அந்த அம்மாமார் கடைசியில் வேதத்தைத் திறக்கவே பயப்படுவார்கள். வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்டது தேவனிடம் திருப்பிச் சொல்லத்தான். "நீர் என்னை நம்பப்பண்ணின வசனத்தை உமது அடியேனுக்காக நினைத்தருளும்" (சங்கீதம் 119:49) என்று சொல்வது எங்கள் சபைகளில் மட்டும் இருக்கிற பழக்கமில்லை, வேதத்திலேயே இருக்கிறது.

ஜெபிக்கும் முறைக்கு ஆதியாகமம் 32:9-12ஐச் சொல்லிக்கொடுங்கள். ஏசா 400 பேரோடு வருகிறான் என்று கேட்டு யாக்கோபு நடுங்குகிறான். அந்த ஜெபத்தில் முதலில் தேவன் யார் என்று சொல்கிறான், அவர் கொடுத்த கட்டளையை நினைவூட்டுகிறான், "நான் பாத்திரன் அல்ல" என்று தாழ்த்துகிறான், "என் சகோதரனாகிய ஏசாவின் கைக்கு என்னைத் தப்புவியும், அவனுக்குப் பயந்திருக்கிறேன்" என்று பயத்தை ஒளிக்காமல் சொல்கிறான், கடைசியில் "நீரோ… என்று சொன்னீரே" என்று வாக்குத்தத்தத்தைப் பிடிக்கிறான். உரத்து வாசித்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. வார்த்தைகளை மாற்றி அவரவர் விஷயத்துக்கு அப்படியே ஜெபிக்கலாம். தானியேல் 9ஆம் அதிகாரமும் இதே மாதிரிதான். எரேமியாவின் 70 வருஷத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவுடன், "எப்படியும் நடக்கத்தானே போகிறது" என்று தானியேல் படுத்துவிடவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்தான்.

பதில் 5: வேதபாட_ஆசிரியன்

பிரதர், நீங்கள் சொன்ன ஆபத்து உண்மைதான், ஏற்றுக்கொள்கிறேன். யாக்கோபின் ஜெபம் நல்ல எடுத்துக்காட்டு. அதே அதிகாரத்தில் அவன் வேறென்ன செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜெபத்துக்கு முன்னால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தான். ஜெபித்த பின்பு ஏசாவுக்கு வெகுமதி அனுப்பினான்: 200 வெள்ளாடு, 20 கடா, 200 செம்மறி, 20 ஆட்டுக்கடா, குட்டிகளோடு 30 பால் ஒட்டகம், 40 பசு, 10 காளை, 20 பெண் கழுதை, 10 கழுதைக்குட்டி. ஒட்டகக் குட்டிகளை விட்டே 550 உருப்படி. மந்தை மந்தையாக நடுவில் இடம் விட்டு ஓட்டச் சொன்னான். இதில் பயமும் கலந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டவன் அறிவைக் கழற்றி வைக்கவில்லை.

கிருபா_வீட்டுஜெபம்

எல்லாருக்கும் நன்றி. அந்த அம்மாவை நேற்றே போய்ப் பார்த்தோம். டாக்டரிடம் போய்விட்டார்கள், மாத்திரை தொடர்கிறது. பதில் 1இல் இருந்த குஷ்டரோகி விஷயம்தான் அவர்களுக்கு வெட்கத்தை எடுத்துப்போட்டது.

இன்னொன்று. குழுவில் பல வருஷமாகப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர் ஒருவர் உண்டு. "உன் விசுவாசம் போதாது, அதான் வாக்குத்தத்தம் நிறைவேறவில்லை" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் முன்னால் ஆபிரகாம் சாராள் பாடத்தை எடுக்கவே பயமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?

பதில் 6: ஆஸ்பத்திரி_ஊழியம்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சிஸ்டர்.

அவர் முன்னால் ஆபிரகாமை "காத்திருந்தால் கிடைக்கும்" என்பதற்கு உதாரணமாக எடுக்கவே எடுக்காதீர்கள். ஈசாக்கு பிறப்பான் என்பது ஆபிரகாமுக்குப் பெயர் சொல்லி, சாராளின் பெயரும் சொல்லிக் கொடுக்கப்பட்ட வாக்கு. பிள்ளையில்லாத ஒவ்வொரு தம்பதிக்கும் அப்படி ஒரு வாக்கு வேதத்தில் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்லி நம்பிக்கை ஊட்டுவது கொடுமை. பிள்ளையில்லாதிருந்த அன்னாளின் கண்ணீர் ஜெபத்தைக் (1 சாமுவேல் 1) கொடுங்கள், கேட்பதற்கு அது வழிகாட்டும்.

"விசுவாசம் போதாது" என்பதற்கு நேரான பதில் ஆபிரகாமின் வயதுக் கணக்கிலேயே இருக்கிறது. 75 வயதில் ஆரானைவிட்டுப் புறப்பட்டான். கானானில் பத்து வருஷம் ஆனபின், சாராய் (பின்னாளில் சாராள்) சொல்கேட்டு அவளுடைய அடிமைப்பெண் ஆகாரைச் சேர்த்தான். 86 வயதில் இஸ்மவேல். 99 வயதில் மறுபடி வாக்கு வந்தபோது முகங்குப்புற விழுந்து நகைத்தான், பிறகு சாராளும் உள்ளுக்குள் நகைத்தாள். 100 வயதில் ஈசாக்கு. இந்த 25 வருஷத்தில் தவறான யோசனையும் சிரிப்பும் இரண்டுமுறை மனைவியைச் சகோதரி என்று சொல்லித் தப்பித்ததும் எல்லாம் இருக்கிறது. இப்படிப்பட்டவனைத்தான் ரோமர் 4 விசுவாசத்தில் வல்லவன் என்கிறது. விசுவாசத்தின் அளவு ஈசாக்கைக் கொண்டுவரவில்லை, வாக்குப்பண்ணினவர் கொண்டுவந்தார். இஸ்மவேல் கதை காட்டுகிற பிழையும் அதுதான்: தாமதத்தைத் தாங்க முடியாமல் வாக்குத்தத்தத்தை நாமே நிறைவேற்றிவிடப் பார்ப்பது. அதன் சுமை ஆகார் தலையில் விழுந்தது, அதையும் விடாமல் சொல்லுங்கள்.

தேச வாக்குத்தத்தம் இன்னும் வலுவானது. கானான் முழுவதும் உனக்கு என்று கேட்டவன் சாகும்போது சொந்தமாக வைத்திருந்த நிலம், சாராளை அடக்கம்பண்ண ஏத்தியனாகிய எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கின மக்பேலா குகையும் அதைச் சேர்ந்த வயலும்தான் (ஆதியாகமம் 23). ஒரு கல்லறை. எபிரெயர் 11:13 இவர்களைப் பற்றி, வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, நம்பி அணைத்துக்கொண்டார்கள் என்கிறது. அதே அதிகாரம் 35ஆம் வசனத்தில் ஒரே மூச்சில், சில ஸ்திரீகள் மரித்தவர்களை உயிரோடே பெற்றார்கள், வேறுசிலர் வாதிக்கப்பட்டார்கள் என்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நற்சாட்சிதான் (11:39).

அந்தச் சகோதரிக்குத் தனியாக 89ஆம் சங்கீதத்தைக் கொடுங்கள். முதல் 37 வசனம் தாவீதுக்குக் கொடுத்த வாக்கைப் புகழ்ந்து பாடும். 38இல் திரும்பி, நீர் தள்ளிவிட்டீரே என்று முகத்துக்கு நேரே சொல்லும். 49இல் "உமது பூர்வ கிருபைகள் எங்கே?" என்று கேட்கும். இப்படிக் கேட்பதற்கு வேதமே வார்த்தை கொடுத்திருக்கிறது. கேட்கிறவர் அவிசுவாசி ஆகிவிட மாட்டார்.

நான்காம் வாரத்துக்கு என் யோசனை அப்போஸ்தலர் 27. வாக்குத்தத்தத்தை நம்புவது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அதிகாரம் எனக்குத் தெரியாது. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும் கப்பலில் 276 பேர். யூரோக்கிலிதோன் என்கிற கடுங்காற்றில் பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பவுலுக்கு வந்த வாக்கு: ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது, கப்பல் போய்விடும். எது தப்பும், எது போகும் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்ன வாக்கு அது. நம்முடைய ஜனங்கள் கப்பலையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, கப்பல் உடையும்போது தேவன் கைவிட்டார் என்பார்கள்.

பதினாலாம் ராத்திரி விழுதுவிட்டு (ஆழம் பார்க்கும் கயிறு) பார்க்கிறார்கள், 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி). கொஞ்சம் தள்ளி மறுபடி, 15 பாகம். கரை நெருங்குகிறது, பாறையில் மோதிவிடுமோ என்று பின்னணியத்தில் (கப்பலின் பின்பக்கம்) நாலு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் முன்னணியத்தில் நங்கூரம் போடுகிற சாக்கில் படவை இறக்கி ஓடப் பார்க்கும்போது, "எல்லாரும் பிழைப்பார்கள்" என்று வாக்குப் பெற்ற அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்கிறான். சேவகர் படவின் கயிறுகளை அறுத்துவிடுகிறார்கள். விடியும் முன்னால் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறான், ஏனென்றால் அவர்கள் பதினாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, நீந்தப் பெலன் வேண்டும். பிறகு கோதுமையைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர் முதலில் குதிக்க, மற்றவர்கள் பலகைகள்மேலும் கப்பல் துண்டுகள்மேலும் கரை சேர்கிறார்கள். வாக்கு ஓர் எழுத்தும் தவறவில்லை. விழுது, நங்கூரம், சாப்பாடு, பலகை, நீச்சல் எல்லாம் அந்த வாக்கு நிறைவேறின வழிதான்.

கிருபா_வீட்டுஜெபம்

அப்போஸ்தலர் 27ஐ ஒரே வாரத்தில் முடிக்க முடியுமா? ஒரு மணி நேரம்தான் இருக்கும், அதில் பாட்டும் ஜெபமும் போக 35 நிமிஷம் கிடைக்கும்.

பதில் 7: வேதபாட_ஆசிரியன்

முடியும். 44 வசனம், நிதானமாக வாசித்தால் ஏழெட்டு நிமிஷம். நன்றாக வாசிக்கிற இரண்டு பேரிடம் முந்தின வாரமே கொடுத்துவிடுங்கள், துறைமுகப் பெயர்களில் தடுமாறாமல் இருப்பார்கள். 20ஆம் வசனத்தில், தப்பிப் பிழைப்போமென்னும் நம்பிக்கை முழுமையும் அற்றுப்போயிற்று என்கிற இடத்தில் நிறுத்தி, "இந்த நிலையில் நீங்கள் தேவனிடம் என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் காற்று நிற்க வேண்டும் என்பார்கள். பிறகு 22 முதல் 26 வரை வாசித்து, பவுலுக்குக் கிடைத்த வாக்கில் காற்றைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றும் இருக்காது. அங்கே பத்து நிமிஷம் பேச விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். 31ஆம் வசனத்தில் இன்னொருமுறை நிறுத்துங்கள்.

மீதி நேரத்தில் அவரவர் அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தில் எழுதச் சொல்லலாம்: யாருக்குச் சொல்லப்பட்டது, முன்னும் பின்னும் உள்ள வசன எண்கள், நிபந்தனை உண்டா, கிறிஸ்துவுக்குள் அது எனக்கு எப்படி வருகிறது, இதை நம்பினால் இந்த வாரம் என் கையில் இருக்கும் வேலை என்ன. எழுத வராதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் கேட்டு எழுதிக்கொடுக்கட்டும். வழுவழுப்பான அட்டையாக இருந்தால் ஜெல் பேனா மை அழிந்துபோகும், பால்பாயிண்ட் வாங்கி வையுங்கள்.